இடது காலுக்கு யார் சொன்னது

பஞ்சு. காலுக்கடியில் பஞ்சு. வலது காலால் பிரேக்கை மிதித்தேன், பெடல் தலையணைக்குள் போவதுபோல அமுங்கிக் கீழே போய்த் தட்டியது, வண்டி நிற்கவில்லை, நிற்பது என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதையே அது கேள்விப்பட்ட மாதிரி தெரியவில்லை. இன்னொரு மிதி. பஞ்சு. சரி ஆவுடையப்பா, பதறாதே, பதறினால் கை நடுங்கும், கை நடுங்கினால் ஹாண்டில் நடுங்கும், ஹாண்டில் நடுங்கினால் இடது பக்கம் பள்ளத்தாக்கு, அதன் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மேகம் மறைத்திருக்கிறது, பார்க்காமல் இருப்பது நல்லது. குவாத்தமாலா மலை. விடிய விடியப் பெய்த மழை நின்று இலையெல்லாம் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிற காலை. செம்மண்ணும் உருட்டுக் கல்லும் கலந்த இறக்கம். நான் பெண்டாட்டியின் தங்கை புருஷன் சொல்லைக் கேட்டு வந்த கிழவன். இல்லை, அதுவும் பொய், அவன்தான் என் சொல்லைக் கேட்டு வந்தான். அதோ முன்னால் மஞ்சள் மழைக்கோட்டில் போகிறான் பார், என் சகலை திரவியம், ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர், பள்ளிக்கூடத்தை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றாதவன், வண்டியை அணிவகுப்பு மாதிரி நேர்கோட்டில் ஓட்டுகிறவன். அவனுக்கு முன்னால் கொண்டை ஊசி வளைவு, அதற்குக் கீழே இன்னொன்று, எல்லாவற்றுக்கும் அடியில் காப்பி நிறத்தில் ஒரு ஆறு, ஆற்றின் மேல் ஒற்றை வண்டி போகிற பலகைப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏற்றம். ஏற்றம் என்றால் வண்டி தானே நிற்கும். பாலம் காலியாக இருந்தால் ஏற்றம். இல்லாவிட்டால் ஆறு. அவ்வளவுதான் கணக்கு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஹெல்மெட்டுக்குள் மைக் இருக்கிறது. நான் பேசினால் அவன் காதிலும் அவன் பேசினால் என் காதிலும் விழும். கோஸ்டா ரிகாவில் ஆளுக்கொரு மோட்டார் பைக்கை வாடகைக்கு எடுத்ததிலிருந்து நிகராகுவா, ஹோண்டுராஸ் தாண்டி இங்கே வரும்வரை இந்த மைக் ஓய்ந்ததில்லை, அதாவது நான் ஓய்ந்ததில்லை. "சகலை," என்றேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "பிரேக் போயிட்டு." "அப்படியாவே? எனக்கு வண்டியே போயிட்டு, புலி மேல உக்காந்துதான் வாரேன்." "விளையாட்டு இல்ல வே. நெசமாச் சொல்லுதேன்." "நெசமா! நெசமான்னு சொல்லாம நீரு என்னைக்காவது ஒரு பொய்ய ஆரம்பிச்சிருக்கீரா ஓய்?" என்று சிரிக்கிறான், சிரிப்பு என் இரண்டு காதிலும் கொப்பளிக்கிறது. அவன் சொல்வதும் வாஸ்தவம். நிகராகுவாவில் எரிமலை வாயில் கம்பியை நீட்டி அப்பளம் சுட்டேன் என்று விடுதியில் கூடியிருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் நான் சொன்னபோது பக்கத்தில் இருந்தவன் அவன். விடிகாலையில் காட்டுக்குள் ஊளையிடுகிற குரங்குக்கு நான் திருநெல்வேலிக் குரலில் பதில் ஊளை கொடுத்தேன், அது வெட்கப்பட்டு மரத்தை விட்டே போய்விட்டது என்று சொன்னபோதும் இருந்தான். ஹோண்டுராஸ் எல்லையில் என் மீசையைப் பார்த்த அதிகாரி எழுந்து நின்று சல்யூட் அடித்தார் என்றேனே, அப்போதும் அவன்தான் சாட்சி, அவர் எழுந்தது மின்விசிறியைப் போட என்பது அவனுக்குத் தெரியும். பொய்க்கு நான் எப்போதும் துணைக்கு ஆள் வைத்து அனுப்புவேன், ஒரு ஊர், ஒரு பேர், ஒரு மாடு. உண்மை பார், தனியாக வந்து நிற்கிறது, கையில் ஒன்றுமில்லாமல். பிரேக் போயிட்டு. இதை யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன்.

வளைவு வந்துவிட்டது. முன் பிரேக் இருக்கிறதே, ஏன் மறந்தேன், மறக்கவில்லை, நினைக்கப் பயந்தேன். காலையில் ஓடையைக் கடக்கும்போது வழுக்கி விழுந்ததில் வலது கையில் இருக்கிற லீவர் பாதிக்கு முறிந்துவிட்டது, மிச்சம் சுண்டுவிரல் நீளம். விழுந்ததே முன் பிரேக்கைப் பிடித்ததால்தான். முன் சக்கரம் ஈரக் கல்லில் நின்றது, நான் நிற்கவில்லை. இப்போது இரண்டு விரலை வைத்து மெல்ல, குழந்தை கன்னத்தைக் கிள்ளுவதுபோல, மெல்லத்தான் இழுத்தேன், முன் சக்கரம் சட்டென்று இடது பக்கம் நழுவியது, மேகம் முகத்துக்கு நேரே வந்தது, விட்டுவிட்டேன், விட்டதும் வண்டி தானாக நிமிர்ந்தது. வளைவின் உள் ஓரம் முழுக்க ஓடி, பாறையில் கசிந்துகொண்டிருந்த தண்ணீர் தோளில் தெறிக்கத் திரும்பியாயிற்று. எப்படித் திரும்பினேன் என்று கேட்டால், வளைவு அவ்வளவு கூர்மை, என் வண்டியின் பின் நம்பர் பிளேட்டை நானே படித்தேன் என்பேன். பார், இந்த நேரத்திலும் வாய்க்குள் அது ஊறுகிறது. என் பெண்டாட்டி கோமதி சொல்லுவாள், நீங்க சாகப்போற அன்னைக்குக் கூட எமன் வந்த எருமைக்கு நாலு கொம்புன்னு சொல்லிட்டுத்தான் சாவிய. கோமதி இப்போது ஹூஸ்டனில் அவள் தங்கை வடிவுடன் இருக்கிறாள், சகலையின் மகன் வீட்டில், பேரப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு. நாங்கள் இரண்டு பேரும் ஏசி பஸ்ஸில் சுற்றுலா போயிருக்கிறோம் என்று அக்காவும் தங்கையும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னல் சீட்டு. மத்தியானம் சாதம் தருகிறான். அந்தப் பொய்யை நான்தான் கட்டினேன், நல்ல உறுதியான கட்டு, போகிற நாட்டுக்கெல்லாம் ஒரு கைடு, கைடுக்கெல்லாம் ஒரு பேர், அதில் ஒருவனுக்கு மாறுகண் கூட வைத்தேன். நான் இங்கே விழுந்தால் அவர்கள் பஸ்ஸைத்தான் தேடுவார்கள். மலையடிவாரம் முழுக்க ஒரு ஏசி பஸ்ஸைத் தேடுவார்கள், கிடைக்காது, ஏனென்றால் அது என் வாயில் மட்டும் ஓடிய பஸ்.

வேகம் கூடுகிறது. கியரைக் குறைக்க வேண்டும், எஞ்சின் இழுத்துப் பிடிக்கும், இது தெரியாதவனா நான். மருந்துக் கம்பெனிக்காக முப்பது வருஷம் தென்காசி, அம்பாசமுத்திரம், நாகர்கோவில் என்று புல்லட்டில் அலைந்தவன், டாக்டர் வீட்டு நாய்க்கெல்லாம் என் வண்டிச் சத்தம் தெரியும். கியரைக் குறை. காலால் தட்டினேன். ஒன்றுமில்லை. இன்னும் ஓங்கித் தட்டினேன். பஞ்சு. கியருமா போய்விட்டது? ஒரே நாளில் இரண்டுமா போகும்? கிளட்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி தட்டினேன், கிளட்சைப் பிடித்ததும் எஞ்சின் கை விட்டுவிட்டது, வண்டி இன்னும் லேசாகி இன்னும் விரைவாக உருண்டது, விட்டேன். பஞ்சு, ஏன் கியரும் பஞ்சாக இருக்கிறது, எந்தக் காலால் தட்டுகிறேன், வலது காலால். வலது காலால்தான். என் புல்லட்டில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். இந்தக் காலத்து வண்டியெல்லாம் நேர்மாறு. வாடகைக்கு விட்ட பையன் தொட்டுத் தொட்டுக் காட்டினான், இது கியர், இது பிரேக், நான் தலையாட்டினேன், மீசையைத் தடவிக்கொண்டு, எங்க ஊர்ல இதை விடப் பெரிய வண்டியை ஓட்டிக்கிட்டே தூங்குவேன் என்று சைகையில் சொன்னேன். சமதரையில் நினைவு வைத்துத்தான் ஓட்டினேன். நினைவு மண்டையில்தான் இருந்திருக்கிறது, காலுக்கு இறங்கவில்லை. இரு, இரு. அப்படியென்றால் காலையிலிருந்து இந்த வலது கால் எங்கே இருந்தது? புல்லட்டில் அது கியர் மேல் சாய்ந்து கிடக்கும், தூங்குகிற பூனை மாதிரி, அதுதான் அதன் இடம். இங்கே அந்த இடத்தில் இருப்பது பிரேக். மலையுச்சியிலிருந்து பிரேக்கின் மேல் காலைச் சாய்த்துக்கொண்டே இறங்கியிருக்கிறேன். பிரேக் டிஸ்க் சூடேறி, பிரேக் எண்ணெய் கொதித்துப் பஞ்சாகிவிட்டது. கருகல் வாடை. ஐயோ, அந்த வாடை.

அந்த வாடையைப் பற்றி அவன் கேட்டான். மேலே ஏலக்காய்த் தோட்டங்களைத் தாண்டும்போது, அப்போது அவன் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான், "என்னவே, ஏதோ கருகுத வாடை வருதே," என்றான். எனக்கும் வந்தது. இரண்டு பக்கமும் மர நிழலில் இடுப்பளவு ஏலச் செடி, வளைவுக்கு வளைவு விறகுப் புகையில் காய் உலர்த்துகிற தகரக் கொட்டகை, பூப்போட்ட ரவிக்கையும் கட்டம்போட்ட பாவாடையுமாகப் பெண்கள் பச்சைக் காயைக் கூடையில் சுமந்து போனார்கள், போடி மலையைத் தூக்கி இங்கே வைத்த மாதிரி. "ஏலக்காய் வே," என்றேன், "கொட்டகையில தீ கூடிப்போச்சுன்னா இப்படித்தான் அடிக்கும். போடியில எனக்கு ஒரு சிநேகிதன், சௌந்தரராஜன்னு பேரு, இந்த வாடைய சீசாவுல அடைச்சு வித்தே வீடு கட்டினான்." அவன் சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டி முன்னால் போனான். தாண்டாமல் இருந்திருந்தால். நான் சௌந்தரராஜனை உண்டாக்காமல் ஒரு நிமிஷம் நிறுத்தி, இறங்கி, சக்கரத்தைத் தொட்டுப் பார்த்திருந்தால். விரல் சுட்டிருக்கும், அவ்வளவுதான், விரல் சுட்டு, ஊதி, திட்டு வாங்கி, ஒரு காப்பி குடித்துக் கிளம்பியிருப்போம்.

இரண்டாவது வளைவு பின்னால் போய்விட்டது, அதை நான் பார்த்ததாகவே நினைவில்லை. இனி நேர் இறக்கம். கண்ணுக்கு நேரே பாலம், அதன் பக்கக் கம்பிகளில் சிவப்புத் துரு, பாலத்துக்கு இந்தப் பக்கம் சகலையின் மஞ்சள் முதுகு, மெல்ல, ஒழுங்காக, பலகையைப் பார்த்து ஏறப்போகிறவனின் நிதானத்தோடு. அந்தப் பக்க ஏற்றத்தில் ஒரு லாரி இறங்குகிறது, மூட்டை மூட்டையாக, மேலே ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். லாரி பாலத்தில் ஏறினால் சகலை கரையில் நிற்பான். நின்றால் நான் போய் அவன் முதுகில். வடிவு புருஷன் முதுகில். சொல்ல வேண்டும், சொன்னால் நம்ப வேண்டும், என்ன சொன்னால் நம்புவான்? உண்மையைச் சொல்லியாயிற்று, செல்லவில்லை. பொய் சொல்லலாம், பொய்யையாவது நம்புவானா? உம்ம பெட்டி கழண்டு விழுந்துட்டு என்றால் நின்றுவிடுவான், நிற்கக் கூடாது. பின்னால் மலை சரியுது என்றால் திரும்பிப் பார்ப்பான், பார்க்கக் கூடாது. அவனை ஓடவைக்கிற பொய் ஒன்று வேண்டும், வாழ்நாளெல்லாம் பொய்யிலேயே கிடந்தவனுக்கு ஒரே ஒரு பொய், சின்னதாக இருந்தால் போதும். தேடுகிறேன், கிணற்றில் வாளியை விட்டு விட்டு இழுக்கிறேன், வெறும் வாளி வருகிறது. பேர் வரவில்லை. ஊர் வரவில்லை. மாடு வரவில்லை. மூச்சு மட்டும் மைக்கில் இரைகிறது.

"என்ன ஓய், சத்தத்தக் காணும்? புலி கடிச்சிட்டா?" நான் பேசவில்லை. "ஓய்." கல் ஒன்று சக்கரத்துக்கடியில் தெறித்தது. "சகலை, கேக்குதா? பேசும்வே." வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. "பேசும்வே... ஒரு வார்த்த..." அப்புறம் அவன் குரலில் இருந்த சிரிப்பு அணைந்தது, விளக்கை ஊதினதுபோல, அது அணைந்ததை நான் காதால் பார்த்தேன். மஞ்சள் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது, கண்ணாடியில் பார்க்கிறான். "அண்ணாச்சி." இத்தனை நாட்டிலும் இத்தனை நாளிலும் அவன் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை, கலியாண வீட்டிலும் சாவு வீட்டிலும் மட்டும் எடுக்கிற சொல் அது. "அண்ணாச்சி, நேரா வாரும். ஒண்ணும் நெனைக்காதியும். பாலத்த நான் பாத்துக்கிடுதேன்." மஞ்சள் முதுகு குனிந்தது, எஞ்சின் அலறியது, பலகை தடதடவென்று அதிர அவன் பாலத்தில் பாய்ந்தான், அந்தக் கரையில் வண்டியை ஓரம் கட்டினான், அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு லாரிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினான், ஹெல்மெட்டைத் தாடைக்கு மேலே தள்ளி விசிலை வாயில் வைத்தான், அந்த விசில் மைக் வழியாக என் மண்டைக்குள் புகுந்து பின்பக்கம் வெளியே போனது. மூவாயிரம் பிள்ளைகளை ஒரே ஊதலில் நிறுத்தின விசில். லாரி நின்றது. நான் நிற்கவில்லை.

இந்த வேகத்தில் பலகை என்னை ஏற்றுக்கொள்ளாது. அது தெரிகிறது. கம்பியில் மோதி, கம்பிக்கு மேலே, காப்பி நிறத் தண்ணீர். மூக்கில் ஏலக்காய். இடது கால், அதற்கு யார் சொன்னது, நான் சொல்லவில்லை, நான் அப்போது சொல்லுகிற நிலைமையில் இல்லை, முப்பது வருஷமாக ஆபத்து வந்தால் அமுக்கிப் பழகிய இடது கால் தன் பிரேக்கை மிதித்தது. அங்கே இருப்பது பிரேக் இல்லை, கியர். அது தெரியாமல் மிதித்தது. இடது கையும் பழக்கத்தில் கிளட்சைப் பிடித்து, உடனே விட்டது. எஞ்சின் ஓலமிட்டது, யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி பின்வாங்கியது, பின் சக்கரம் வாலை ஆட்டியது, பிரேக் சரியாகப் பிடித்துவிட்டது போலும் என்று அந்த மடக்கால் இன்னொரு தரம் மிதித்தது, இன்னொரு கியர் விழுந்தது, இன்னும் பெரிய ஓலம், பற்கள் ஒன்றோடொன்று மோதின, பலகை, பலகை, பலகைகளுக்கு நடுவே சந்து, சந்தில் தண்ணீர், கம்பி ஓரத்தில் கூடையோடு ஒட்டி நின்ற ஒரு பெண்ணின் பெரிய கண், பலகை, மண். ஏற்றம். விரித்த கையோடு நிற்கிற சகலைக்கும் லாரியின் மூக்குக்கும் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி, ஏறி, தளர்ந்து, வண்டி நின்றே விட்டது. நின்றதும் காலை ஊன்ற வேண்டும் என்பது இரண்டு காலுக்கும் தோன்றவில்லை. மெல்ல, மரியாதையாக, வண்டியோடு ஏலச் செடிக்குள் சாய்ந்தேன்.

அவன் ஓடிவந்து வண்டியைத் தூக்கினான், என்னைத் தூக்கவில்லை, பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். என் ஹெல்மெட்டைக் கழற்றினான். லாரி மேலிருந்தவர்கள் இறங்கிவந்து அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார்கள், ஒருவர் தண்ணீர் நீட்டினார். சகலையின் உதட்டில் விசில் குத்தி ரத்தம். "பேசித் தொலையும்வே," என்றான், குரல் உடைந்து, "ஏதாவது சொல்லும். எருமைக்கு நாலு கொம்புன்னாவது சொல்லும்." எனக்கு வரவில்லை. நான் முடிந்துபோனேன் என்று தோன்றியது, உடம்பு தப்பிவிட்டது, அந்தப் பேச்சுக்காரன் மட்டும் ஆற்றில் போய்விட்டான். அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப் பைக்குள் போன் அடித்தது. வடிவு. எடுக்காவிட்டால் பயப்படுவாள் என்று எடுத்து, ஸ்பீக்கரில் போட்டான். "என்ன செய்திய? சாப்ட்டியளா?" "ஆங், ஆச்சு. பஸ்ஸு... பஸ்ஸு நிக்கி. சும்மாதான் நிக்கி." இவ்வளவு மட்டமான பொய்யை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. சும்மா எந்த பஸ் நிற்கும்? "ஏன் இரைக்கிய? ஓடினியளா? அத்தான் எங்க? அத்தான் சத்தத்தையே காணுமே." சகலை என்னைப் பார்த்தான். "பக்கத்துலதான்..." "பக்கத்துல இருந்தா அவுக சும்மா இருக்க மாட்டாகளே. என்னமோ ஆயிட்டு. எக்கா, இங்க வா, அத்தானுக்கு என்னமோ ஆயிட்டு!" அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது, கோமதியின் காலடி, ஓடிவருகிறாள், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடிவருகிறாள். சகலை போனை என் வாயருகே நீட்டிக்கொண்டு கெஞ்சுகிறான், கண்ணாலேயே. வாளியை விட்டேன். இழுத்தேன். கனத்தது.

"வடிவு," என்றேன், யாருடைய குரலோ மாதிரி இருந்தது, ஆனாலும் குரல், "இந்த பஸ் டிரைவர் ஒருத்தன் இருக்கான் பாரு, வயசானவன், பெரிய மீசை. மலையில பாதி இறக்கத்துல பிரேக் போயிட்டு. எங்க எல்லாருக்கும் உசிரே இல்ல. பயத்துல அவன் எடம் தெரியாம இடது காலப் போட்டு எதையோ மிதிக்கான், அது கியரு. வண்டி நின்னுட்டு. உன் வீட்டுக்காரரு கீழ எறங்கி விசில் ஊதி ஒரு லாரியவே நிறுத்திட்டாரு." அந்தப் பக்கம் கோமதியின் மூச்சு, வாங்கி, இறங்கி, தரையைத் தொட்டது. "பஸ்ஸுல கியர் கையிலதான் இருக்கும்னு எனக்குக்கூடத் தெரியும்," என்றாள். "எப்பப் பாரு பொய்யி. போன வையுங்க, பிள்ள தூங்குதான்." வைத்துவிட்டாள். சகலை சேற்றில் மல்லாந்து படுத்துச் சிரிக்கவோ அழவோ தொடங்கினான், அது எது என்று நான் கேட்கவில்லை. என் வலது கால் மட்டும் இன்னும் அடங்கவில்லை, நசுங்கிய ஏலச் செடியின் மேல் குதிகாலை ஊன்றி, எதுவும் இல்லாத இடத்தில், மிதித்துக்கொண்டே இருந்தது.